சுவருக்குள் சூடான ரொட்டி

பிளாஸ்டர் ரொட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

வீத்தா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். சுவரில் வெட்டிய சிறிய பொந்துக்குள், மேலே சிலுவைக் கீறலோடு, உருண்டையாக உட்கார்ந்திருந்தது அது. இதற்கு முன் நுழைந்து பார்த்த எல்லா அறைகளின் பொந்துகளிலும் இதே மாதிரி ஒரு ரொட்டி இருந்தது. எல்லாம் வெள்ளை, எல்லாவற்றின் மேலும் தூசி. இது மட்டும் நல்ல பழுப்பு. ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. விறகு அடுப்பிலிருந்து எடுத்த கையோடு வைத்த மாதிரி, அறை முழுக்க அதன் வாசம்.

வாசலில் ஜெரார்தோ சொன்னது வேறு. பழைய கிறிஸ்தவ மடத்தை மாற்றிய அந்த அருங்காட்சியகத்தின் காவலாளி அவன். வீத்தாவின் மீன்கடைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவன்.

"எதையும் தொட்டுடாதீங்கக்கா. ஒவ்வொரு பொந்துலயும் ஒரு ரொட்டி வெச்சிருக்கான். பிளாஸ்டர்ல செஞ்சது. மிலானோலேர்ந்து வந்த கலைஞன்."

"பிளாஸ்டர்ல ரொட்டியா? எதுக்குய்யா?"

"'மௌனத்தோட பசி'ன்னு பேராம். எனக்கு வயித்தோட பசி. மத்தியானம் பூட்டிட்டு சாப்பிடப் போயிருவேன், சீக்கிரம் பாத்துட்டு வாங்க."

மாதத்தின் முதல் ஞாயிறு, டிக்கெட் கிடையாது. அதற்காக மட்டும் வீத்தா வரவில்லை. அக்கா மிக்கெலினாவை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வசந்தத்தில் மிக்கெலினாவின் கணவன் கானியோ டிராக்டரோடு சரிவில் உருண்டுபோனான். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அரைக் கிண்ணம் சூப், அதற்கு மேல் ஒரு வாய் இறங்காது. ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி பேசிய வாய், இப்போது ஆமாம், இல்லை என்பதோடு நின்றுவிட்டது. கன்னம் ஒட்டி, கறுப்பு உடை தோளில் தொங்கியது. குளிர்காலம்வரை தாங்கமாட்டாள் என்று வைத்தியர் வீத்தாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வீத்தா அவரிடம், பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முன்கூடத்தில் தொங்கிய அறிவிப்புப் பலகையை அக்காவுக்காக அவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். இந்த மடத்துத் துறவிகள் பேசமாட்டார்கள். ஆளுக்கு ஓர் அறை, பின்னால் ஆளுக்கு ஒரு துண்டுத் தோட்டம், சாகும்வரை அதுதான் உலகம். தாழ்வாரத்தில் நின்று ஒருவன் பொந்தில் ரொட்டி வைப்பான். அறைக்குள்ளிருந்து இவன் எடுத்துக்கொள்வான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியக் கூடாதென்று பொந்தைச் சுவருக்குள் முழங்கை மாதிரி மடக்கிக் கட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தால் அதே பொந்தில் திருப்பி வைத்துவிட வேண்டும். அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட ஒரே பேச்சு.

"எங்க வீட்டுக்காரரோட சண்டை வந்தா நானும் இப்படித்தான் தட்டைத் தள்ளுவேன்," என்றாள் வீத்தா. அக்கா சிரிக்கவில்லை.

இப்போது இந்த அறையில், சுவரில் மாட்டியிருந்த எந்தப் புனிதரின் ஓவியத்தையும் மிக்கெலினா பார்க்கவில்லை. நேரே பொந்தின் முன் போய் நின்றாள். கை நீட்டி ரொட்டியை எடுத்தாள். பிட்டாள். மேலோடு நொறுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, அது யாரோடதோ..."

மிக்கெலினா தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கன்னமும் உப்ப, சின்னப் பெண்போல, கறுப்பு உடையில் துகள் உதிர உதிரத் தின்றாள். எத்தனை மாதம் இந்த ஒரு காட்சிக்காக வீத்தா கெஞ்சியிருப்பாள், திட்டியிருப்பாள், கரண்டியோடு பின்னால் நடந்திருப்பாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"தின்னுக்கா, நல்லாத் தின்னு. எவன் சாப்பாடா இருந்தாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

பாதி ரொட்டி போனதும் மிக்கெலினா நிறுத்தினாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. தங்கையைப் பார்த்து அழகாகப் புன்னகைத்தாள்.

"எப்படி இருக்கு?"

புன்னகை மட்டும்.

"கேக்கறேன்ல, வாயத் தொறந்து சொல்லேன்."

மிக்கெலினா விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

தூரத்தில், மடத்தின் பெரிய கதவு மூடும் சத்தம் கேட்டது. சாவி திரும்பியது.

வீத்தா அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தாழ்வாரம் நீளமானது. ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவின் அருகிலும் பொந்தை மூடும் ஒரு சின்னப் பலகை. மறுபக்கம் தூண்கள், அவற்றுக்கு அப்பால் வெயிலில் வெளுத்துப்போன முற்றம். பெரிய கதவைக் குத்தினாள், உதைத்தாள். "யோவ் ஜெரார்தோ! உள்ள ஆள் இருக்கோம்யா!" வெளியே அவன் ஸ்கூட்டர் சரிவில் இறங்கி மறைந்தது. கைப்பேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது.

உச்சி வெயில். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குக் கொந்த்ரோரா என்று தனிப் பெயரே உண்டு. சாப்பிட்டதும் ஜன்னல்களை இழுத்து மூடிப் படுத்துவிடுவோம். நாய்கூட நிழலைவிட்டு நகராது. அந்த நேரத்தில் தெருவில் நடமாடுவது மனிதர் இல்லை என்று சொல்லித்தான் பிள்ளைகளைத் தூங்கவைப்போம். வீத்தாவும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான், ஆனால் அவள் எதற்கும் எளிதில் பயப்படுகிறவள் இல்லை. சந்தையில் எடைக்கல்லைக் குறைத்தவனைச் சூரை மீன் வாலால் அடித்து விரட்டியவள்.

"சரி, கொஞ்ச நேரம் உக்காருவோம். சாப்பிட்டுட்டு வந்துருவான்," என்று திரும்பினாள்.

அக்கா பக்கத்தில் இல்லை.

மிக்கெலினா தாழ்வாரத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தாள். அந்த அறைக்குள் நுழைந்தாள். வீத்தா பின்னாலேயே ஓடிப் பார்த்தபோது, பொந்தின் முன் முக்காலியில், கைகளை மடியில் கோத்து, மிச்ச ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் நெடுங்காலம் அப்படியே உட்கார்ந்து பழகியவள் போலிருந்தது.

அப்போதுதான் முற்றத்தில் சிள்வண்டுகள் நின்றன. காலையிலிருந்து காதைத் துளைத்துக்கொண்டிருந்த ஓசை, சட்டென்று, ஒரே சமயத்தில். அதன் பிறகு வீத்தாவுக்குத் தன் மூச்சு கேட்டது, அக்காவின் மூச்சு கேட்டது, சுவருக்குள் எங்கோ சுண்ணாம்புத் துகள் உதிர்வது கேட்டது. பிறகு தாழ்வாரத்தின் கடைசியில், மரச் சக்கரம் கல்தரையில் உருளும் சத்தம்.

டக்.

ஒரு பலகை திறந்தது. மூடியது. சக்கரம் உருண்டது.

டக்.

வீத்தா வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். தாழ்வாரம் காலி. வெயில் மட்டும் தூண்களுக்கு நடுவே கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஆனால் கடைசியிலிருந்து மூன்றாவது பலகை தானாக மேலே ஏறி, இறங்கியது. அதன் முன்னால் இருந்த வெயில் கட்டத்தில் ஒரு நிழல். நிழல் மட்டும்.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தி முதுகை முட்டுக்கொடுத்தாள். இப்படி ஒளிந்து நிற்பதை நினைத்து அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் வாயும் வந்தது.

"யாருடா அது? ஞாயித்துக்கிழமை எங்களைப் பூட்டி வெச்சு விளையாட்டுக் காட்டறது? நான் யாருன்னு தெரியுமா? மீன்கார வீத்தா! கூப்பிட்டா கடல்ல இருக்கறவனே திரும்பிப் பாப்பான்!"

சக்கரம் நின்றது.

இது போதாதா அவளுக்கு? சந்தையில் நிற்பதுபோல நெத்திலி கூவி விற்றாள். மத்தி விற்றாள். இல்லாத கணவாயை எல்லாம் கூவி விற்றாள். இந்த மடத்தின் மேல் நூறு வருஷ மௌனத்துக்கும் சேர்த்து வசவு கொட்டினாள். கானியோ குடித்துவிட்டுப் பாடும் அந்தக் கெட்ட பாட்டை அடித்தொண்டையில் பாடினாள். மிக்கெலினாவின் தோள் லேசாக அசைந்தது. "கேக்குதுல்ல அக்கா? உன் புருஷன் பாட்டு! கூடப் பாடு!"

ஆனால் குரல் எதிரொலிக்கவில்லை. வாயைவிட்டு வெளியே போனதும் கீழே விழுந்தது. சுவர்கள் அதை மாவு தண்ணீரை உறிஞ்சுவதுபோல உறிஞ்சின.

டக். இரண்டு அறை தள்ளி.

டக். பக்கத்து அறை.

வாசம் அதிகமானது. வீத்தாவின் வயிறு இரைந்தது. காலையிலிருந்து அவள் ஒரு காப்பியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

பொந்தின் உள்ளே ஏதோ உரசியது. வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு ரொட்டி மெல்ல நகர்ந்து வந்து அவள் எதிரில் நின்றது. முழு ரொட்டி. ஆவி பறந்தது. அது யாருக்கு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீத்தா அதன் மேல் காறித் துப்பினாள்.

"உன் ரொட்டியும் வேணாம், உன் மௌனமும் வேணாம். நாங்க பேசிப் பொறந்தவங்க. செத்தாலும் பேசிக்கிட்டேதான் சாவோம்."

அந்த ரொட்டியை உள்ளே தள்ளினாள். ஆத்திரம் அடங்கவில்லை. அக்காவின் மடியிலிருந்த பாதி ரொட்டியையும் பிடுங்கினாள். மிக்கெலினா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். முதன்முறையாகக் கண்ணில் பயம். அந்தப் பயத்தை வீத்தா தவறாகப் புரிந்துகொண்டாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"இந்தா. இதையும் நீயே வெச்சுக்க!"

தோள்வரை கையை உள்ளே விட்டாள். வளைவில் முழங்கை மடங்கியது. அதற்கு அப்பால் குளிர். அங்கே ஏதோ ஒன்று ரொட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. பிடுங்கவில்லை. மரியாதையாக வாங்கிக்கொண்டது. விரல்கள். உலர்ந்தவை. மாவு படிந்தவை.

பலகை மூடியது. சக்கரம் உருண்டு தூரம் போய்த் தேய்ந்தது. முற்றத்தில் சிள்வண்டுகள் மறுபடி கத்தத் தொடங்கின.

வீத்தா சுவரில் சாய்ந்து சரிந்து, வியர்வையும் கண்ணீருமாகச் சிரித்தாள். "பாத்தியா? ஓட விட்டேன் பாத்தியா?" என்று அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஜெரார்தோ வரும்வரை அவள் வாய் மூடவில்லை.

வந்தவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஐயோ அக்கா, நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன்! சத்தமே கேக்கலியே!"

"சத்தம் கேக்கலியா? என் சத்தமா? வெள்ளிக்கிழமை கடைக்கு வா, செவுள்லயே கேக்க வைக்கறேன்."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மிக்கெலினா சாதுவாகக் கூட வந்தாள், கன்னம் சிவந்து, புன்னகையோடு. வீட்டுக்குப் போய்த் தக்காளிச் சாறு கொதிக்கவைக்க வேண்டும், நிறைய மிளகாய் போட்டு. இனி சாப்பிடுவாள். பிழைத்துக்கொள்வாள். திறந்த கதவுக்கு வெளியே சதுக்கமும் வெயிலும் தெரிந்தன.

"வீத்தா!"

பின்னாலிருந்து. மடத்துக்குள்ளிருந்து.

"ஏய் வீத்தா! என்னை விட்டுட்டு எங்கடி போற?"

வசந்தத்துக்கு முன்னால் கேட்ட குரல். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் குரல். அக்காவின் முழுக் குரல்.

ஜெரார்தோவின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. "உள்ள... உள்ள வேற யாரு இருக்கா?"

வீத்தா பக்கத்தில் பார்த்தாள். மிக்கெலினா புன்னகைத்துக்கொண்டிருந்தாள். தாடை அசைந்தது. மெதுவாக எதையோ மென்றுகொண்டிருந்தாள். உதட்டோரத்தில் வெள்ளைப் பொடி.

மிச்சத்தை நானே திருப்பிக் கொடுத்தேனே. என் கையாலேயே அக்காவின் குரலையும் சேர்த்துக் கொடுத்தேனே.

"அக்கா நடங்க, வெளிய நடங்க," என்று ஜெரார்தோ இழுத்தான். வீத்தா அவனை உதறினாள்.

"ஒரு அக்காவோட வந்தேன். முழுசாக் கூட்டிட்டுதான் போவேன்."

அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்த அறை. அந்தப் பொந்து. "வர்றேங்க்கா! பேசிக்கிட்டே இரு! நிறுத்தாத!" கையை விட்டாள். வளைவு. குளிர்.

விரல் நுனியில் ஏதோ பட்டது.

மெத்தென்று. சூடாக. ஈரமாக.

உதடுகள். முகம் இல்லை, கன்னம் இல்லை, கல்லில் பதிந்த உதடுகள் மட்டும். அவள் உள்ளங்கைக்குள் அசைந்து அசைந்து பேசின.

"இருட்டா இருக்குடி. பிடிச்சுக்கடி. விட்டுறாதடி."

"விடமாட்டேன்," என்றாள் வீத்தா.

பக்கத்தில் நின்ற மிக்கெலினா அவள் பக்கம் திரும்பி, பதில் சொல்வதுபோல வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கு இல்லை. பல் இல்லை. தொண்டைவரை வழவழவென்று, வெள்ளையாக, பிளாஸ்டர்.

தாழ்வாரத்தின் கடைசியில் சக்கரம் உருளத் தொடங்கியது. வீத்தா கையை எடுக்கவில்லை. தொண்டை கிழியக் கூவினாள். அந்தக் கூவல் அவள் காதுக்கே கேட்கவில்லை.