களைப்பைக் கதவுக்கு வெளியே விடுங்கள்

அலாரம் அடித்தது. பிரிஜெட் கை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது.

அது தானாக வாயை மூடும் ஜாதி அல்ல. யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். குழந்தைகள் ஐ.சி.யூ.வில் வருஷக்கணக்காக அழுத்தி அழுத்திப் பழகிய அவளுடைய கட்டைவிரல், லிங்கராஜபுரத்து வீட்டில் குக்கர் கூவினால்கூடக் காற்றில் பொத்தானைத் தேடும். இப்போது அந்த விரல் பாதி வழியில் நின்றது. திரையில், குறுக்குக்கோடு போட்ட மணியின் படம் மஞ்சளாக மின்னியது. அறையில் அவளையும் கட்டிலில் கிடந்த தேஜஸையும் தவிர யாருமில்லை.

தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டாள். நேற்று ராத்திரி டியூட்டியே இன்னும் முடிந்தபாடில்லை. மற்ற மூன்று கட்டில்களும் இந்த வாரம் காலியாகியிருந்தன. எப்படிக் காலியாயின என்று இங்கே யாரும் கேட்பதில்லை. மீதியிருப்பது இவன் ஒருவன். ஆறு வயது, இரத்தப் புற்றுநோய். மருந்து கெட்ட அணுக்களோடு நல்லவற்றையும் துடைத்து எடுத்துவிட, அற்பக் கிருமி ஒன்று உள்ளே நுழைந்து ரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சிரிஞ்சு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் மருந்துதான் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது. அது தீர்ந்து, அடுத்த சிரிஞ்சு மாட்டத் தாமதமானால், பிள்ளை போய்விடும்.

மற்ற நர்சுகளெல்லாம் ஐந்தாம் மாடியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே. 'மலர்ந்த முகம்' பயிற்சி. கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் வயிறு குலுங்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். களைப்பாக இருக்கிறது என்று வராமல் போனால், ஏன் களைப்பு என்று விளக்கம் கேட்டு மெமோ வரும்.

"அக்கா, அரை மணி நேரம்தான். சிரிச்சுட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் வனஜா.

"எனக்கும் சேர்த்து சிரிச்சுட்டு வாடி."

வாசலில் அந்தப் பயிற்சியின் ஆளுயரப் போஸ்டர்: 'களைப்பைக் கதவுக்கு வெளியே விடுங்கள். புன்னகையோடு உள்ளே வாருங்கள்.' அதில் சிரிப்பது பிரிஜெட்தான். போட்டோ எடுத்த அன்றும் இரட்டை டியூட்டி. முகத்தில் கொழகொழவென்று ரோஜா வாசனைப் பவுடர் அப்பி, மிச்சமிருந்த கண்கருவளையத்தைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள்.

ஸ்பிரிட் நெடியும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் எப்போதும் போல மூக்கை அடைத்திருக்க, அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ ரோஜாப் பவுடர் மணத்தது.

"சிஸ்டர்." தேஜஸின் உதடுகள் வெடித்திருந்தன. "அவா உங்க அக்காவா?"

"எவங்க, கண்ணா?"

"உங்க பின்னாடி. சிரிச்சுண்டே நிக்கறாளே."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. ஜுர வேகம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, அடுத்த சிரிஞ்சில் மருந்தை ஏற்றி லேபிள் ஒட்டினாள். எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். மூடியதுதான் தெரிந்தது.

"நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

முதுகுக்குப் பின்னால் குரல், மாஸ்க்குக்குள் பேசியதுபோல் மழுங்கலாக. வனஜா வந்துவிட்டாள். ஏசுவே, வந்துவிட்டாள்.

ஒரு நர்ஸ் கட்டிலை விட்டு அகல வேண்டுமானால், இன்னொருத்தியின் காதில் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். அவள் 'சரி' என்றால் அந்த நொடியிலிருந்து பிள்ளை அவள் பொறுப்பு. பிரிஜெட் திரும்பக்கூட இல்லை. திரும்ப உடம்பில் தெம்பில்லை. திரையைப் பார்த்தபடியே ஒப்பித்தாள். பிரஷர் மருந்து தீரப்போகிறது. அலாரம் அடித்ததும் சிரிஞ்சை மாத்து. ஒரு நிமிஷம்கூட விடாதே.

"சரி."

மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொண்டது. மெஷினில் காபி பிடித்தாள். பேப்பர் கப் கையைச் சுட்டது. சுற்றிப் பிடிக்கப் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடினாள்.

சிரிஞ்சு. லேபிள் ஒட்டிய சிரிஞ்சு. பாக்கெட்டில்.

கப் கீழே விழுந்தது. ஓடினாள். லிஃப்ட் திறந்தது. வனஜா வெளியே வந்தாள், சிரித்துச் சிரித்துக் கன்னம் சிவந்து. இப்போதுதான் வருகிறாள்.

பிரிஜெட்டின் கண் போஸ்டருக்குப் போனது. எழுத்துகள் இருந்தன. நீலப் பின்னணி இருந்தது. நடுவில் யாருமில்லை.

கதவுப் பூட்டில் கார்டை வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு.

"வனஜா, உன் கார்டு! சீக்கிரம்!"

வனஜா அவளைத் தாண்டிக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கா பாத்துக்கறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கை கழுவும் இடத்தை நோக்கி நிதானமாக நடந்தாள்.

பிரிஜெட் கண்ணாடியில் அறைந்தாள். இரண்டு கையாலும்.

வராந்தா நாற்காலியிலிருந்து தேஜஸின் அம்மா ஸ்ரீலக்ஷ்மி பதறி எழுந்து வந்தாள். இத்தனை நாளாக பிரிஜெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். இப்போது முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"யாரும்மா நீங்க? இப்படித் தட்டாதீங்கோ. குழந்தை தூங்கறான்." கண்ணாடிக்குள் பார்த்து முகம் இளகினாள். "பிரிஜெட் சிஸ்டர் பக்கத்துலயே இருக்கா. இன்னிக்குத்தான் சிரிச்ச முகமா இருக்கா, பாவம்."

உள்ளே, கட்டிலருகே நின்றவளுக்கு மாஸ்க் இல்லை. பவுடர் அப்பிய முகம். கருவளையம் இல்லை. கண்ணுக்குக் கீழே எதுவுமே இல்லை.

பம்பில் சிவப்பு விளக்கு. மின்னியது. அந்தக் கட்டைவிரல் இறங்கியது. அணைந்தது.

தேஜஸ் தூங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே இருப்பவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தான். உதடு அசைந்தது.

சிவப்பு.

கட்டைவிரல்.

சிரிப்பு மாறவே இல்லை.