ஆள் வருது

விடிந்து, மரங்களின் அடிவரை வெளிச்சம் இறங்கியதும், ஓடுகிறவர்கள் ஊரின் மேற்கு வாசலில் கூடிவிடுவார்கள். வாசல் என்றதும் கோட்டைக் கதவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இடுப்பளவுக் கம்பித் தடுப்பு, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தூண், அவ்வளவுதான். தூணிடம் மணிக்கட்டைக் காட்ட வேண்டும். அதில் மாட்டியிருக்கும் மறைவளையின் இரண்டு கொக்கிகளும் பூட்டியிருந்தால் தடுப்பு விலகும். ஒரு கொக்கி திறந்திருந்தாலும் நாட்டாண்மைக்காரரே வந்தாலும் விலகாது.

தாமிரா கையைக் காட்டினாள். பின்னால் நின்ற பேச்சியம்மாளும் காட்டினாள். பேச்சியம்மாள் தாமிராவின் அண்ணன் மாசானத்தின் மனைவி. அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் போன பிறகுதான் அண்ணி ஓட ஆரம்பித்தாள். அதுவும் எப்படி ஓட்டம்! யார் மேலோ உள்ள கோபத்தையெல்லாம் தரையில் இறக்குகிறவள் மாதிரி மிதித்து மிதித்து ஓடுவாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல் தாமிராவும் கூடவே மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

வாசலைத் தாண்டியதும் சாலை முழுக்கக் காட்டுமாடுகள் படுத்திருந்தன. வால்பாறையில் இப்போது இது சாதாரணம். தேயிலை போய், காடு கீழே இறங்கி வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இருவரும் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சந்தைக் கூட்டத்தில் நுழைந்து போவதுபோல மாடுகளுக்கு நடுவே புகுந்து ஓடினார்கள். ஒரு காளையின் மூக்குக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் தாமிராவின் கால் விழுந்து எழுந்தது. காளை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கண் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது.

மறைவளை செய்யும் வேலை அது. அதிலிருந்து கசியும் மணமும் நம் காதுக்கு எட்டாத ஒலியும் சேர்ந்து, மாட்டிக்கொண்டவரை விலங்கின் மூளை கணக்கில் எடுக்காமல் செய்துவிடும். நம் மூக்கு நம் கண்ணெதிரிலேயே இருந்தும் நமக்குத் தெரிவதில்லை அல்லவா, அந்த மாதிரி. வளை மாட்டியவரை யானை துரத்தியதாக ஒரு செய்தியும் இல்லை. சிறுத்தையும் கரடியும் நம்மை மறந்தே போய்விட்டன. பதிலுக்கு மனிதருக்கு ஒரே ஒரு விதி. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே அதைச் சொல்லிக் கொடுப்பார்கள்: விலக வேண்டியது நாம்தான்.

"என்னடி, ஆமை மாதிரி வர்ற?" அண்ணி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நீங்க ஓடுறீங்களா, யாரையாவது அடிக்கப் போறீங்களா அண்ணி? கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

"மெதுவாப் போனா நினைப்பு வருது."

என்ன நினைப்பு என்று தாமிராவுக்குத் தெரியும். அண்ணன் பேச்சை எடுத்தாலே அண்ணியின் முகம் இறுகிவிடும். பாறை விளிம்பு வளைவுக்குக் கீழே அவனை எடுத்தபோது அவன் கையிலிருந்த வளையில் ஒரு கொக்கி திறந்திருந்தது, மற்றது பூட்டியிருந்தது. எல்லைக் காவல் நிலையத்துக்காரர்கள் அதைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார்கள். யானையின் கண்ணில் படவேண்டும் என்ற அசட்டுத் துணிச்சலில் வளையைக் கழற்றப் பார்த்திருக்கிறான், யானை பார்த்துவிட்டது, தூக்கி எறிந்துவிட்டது. அப்படி விளையாடுகிறவர்கள் எங்கேயாவது இருக்கத்தான் செய்தார்கள். ஊரும் நம்பியது. கொழுப்பெடுத்துப் போய்ச் செத்தவனின் பெண்டாட்டி என்ற பெயரோடு பேச்சியம்மாள் தலைகுனிந்து கடைவீதியில் நடந்தாள். அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று தாமிராவின் மனசுக்குத் தெரியும். ஆனால் திறந்த கொக்கிக்கு அவளிடம் பதில் இல்லை.

அன்று பனி தடிப்பாக இருந்தது. பாறை விளிம்பு வளைவுக்கு வந்தபோது முன்னால் போன அண்ணி "ஐயோ!" என்று அலறி விழுந்தாள். தாமிரா ஓடிப் போய்ப் பார்த்தாள். பாதைக்குக் குறுக்கே ஓடிய இரண்டு பெரிய வேர்களுக்கு நடுவே அண்ணியின் கால் முட்டுவரை இறங்கி மாட்டியிருந்தது. பாதம் உள்ளே ஏதோ கல்லில் திருகிக்கொண்டுவிட்டது. அங்கே பாதை ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் பள்ளம்.

"இழுக்காதே, இழுக்காதே! உசிரு போகுதுடி!"

"இருங்க அண்ணி, கல்லைத் தோண்டி எடுத்துடறேன்." தாமிரா கையால் மண்ணைப் பறித்தாள். உதவி கேட்டு வளையின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஆள் வர நேரமாகும் என்று பதில் வந்தது.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நிதானமான மூச்சு, ஈர மண்ணில் பதியும் கனத்த பாதம். வளைவைத் திரும்பி முதலில் ஒரு தும்பிக்கை தெரிந்தது, பிறகு நெற்றி. பெரிய பிடி, பெண் யானை. அதன் பின்னால் இன்னும் பல, நடுவில் ஒரு குட்டி. தண்ணீருக்கு இறங்குகிற கூட்டம் அது, தினமும் வருகிற வழிதான். வழக்கமாக இவர்கள் வளைவுக்கு முன்பே ஒதுங்கிக்கொள்வார்கள், யானைகள் போய்விடும்.

"நீ ஒதுங்கு தாமிரா," என்றாள் அண்ணி. "எனக்கு ஒண்ணும் ஆகாது, வளை இருக்கு."

வளை இருக்கிறதே, அதுதானே ஆபத்து! கல் கிடந்தால்கூட யானை தும்பிக்கையால் தொட்டுப் பார்த்துச் சுற்றிப் போகும். அண்ணி கல்லும் இல்லை. அந்தப் பிடியைப் பொறுத்தவரை அங்கே வெறும் தரைதான் இருந்தது, அது கால் வைக்கப்போகிற தரை. விலக வேண்டியது நாம்தான் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், விலக முடியாதவர் என்ன செய்வதென்று சொல்லித் தரவில்லை.

தாமிரா தன் வளையின் முதல் கொக்கியை அழுத்தித் திறந்தாள்.

உடனே வளை பேசத் தொடங்கியது. கனிவான பெண்குரல். "நீங்கள் பாதுகாப்பு நிலையிலிருந்து வெளியேற முயல்கிறீர்கள். இது தண்டனைக்குரிய குற்றம். வெளியே நடமாடும் உரிமை நிரந்தரமாக ரத்தாகும்..." அவசரத்தில் யாரும் கழற்றிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இந்தக் குரல் சொல்லி முடித்தால்தான் இரண்டாவது கொக்கி அசையும். அதுவரை வளை வேலை செய்துகொண்டேதான் இருக்கும். தாமிரா அதை நகம் பெயர அழுத்தினாள். அசையவில்லை. குரல் விதிகளைச் சொல்லிக்கொண்டே போனது. யானை நடந்து வந்துகொண்டே இருந்தது.

ஒரு கொக்கி திறந்து, ஒரு கொக்கி பூட்டி.

அண்ணன் இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறான். எதிரே யானை, இந்தக் குறுகலில் ஒதுங்க வழியில்லை. அவன் கழற்றியதால் சாகவில்லை. இந்தப் பாழாய்ப்போன குரல் முடிவதற்குள் யானை வந்துவிட்டது.

"...தொடர விரும்பினால் இரண்டாவது கொக்கியைத் திறக்கவும்."

திறந்தாள். வளையைப் பள்ளத்தில் வீசினாள். அண்ணிக்கும் யானைக்கும் நடுவே போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். அவளுக்கு யானையோடு பேசத் தெரியாது. அவள் காலத்தில் யாரும் பேசியதில்லை. வாயில் வந்ததைக் கத்தினாள்.

"அம்மா! ஆள் இருக்கு! இங்க ஆள் இருக்கு தாயி!"

தூக்கிய முன்னங்கால் அந்தரத்தில் நின்றது.

பிடி காலைப் பின்னால் வைத்தது. காதுகள் விரிந்தன. தும்பிக்கை நீண்டு வந்து தாமிராவின் முகத்துக்கு நேரே நின்று மோந்தது. சூடான, புல் வாசமுள்ள மூச்சு அவள் நெற்றியில் பட்டது. பிறகு அந்தச் சின்னக் கண் அவளைப் பார்த்தது. தாண்டிப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தது. அதில் பயம் இருந்தது. தாமிராவுக்கும் பயம்தான். பிறந்ததிலிருந்து எத்தனையோ ஆயிரம் விலங்குகளுக்கு நடுவே ஓடியிருக்கிறாள், ஒன்றுகூட அவளைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது.

பிடி அடித்தொண்டையில் உறுமியது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் ஒடுங்கியது. கூட்டம் முழுவதும் நின்றது, பின்வாங்கியது, வளைவுக்கு அப்பாலிருந்த சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் பனியில் மறைந்தது. கடைசியாகப் பிடி போனது. போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

தாமிரா மண்ணைத் தோண்டிக் கல்லைப் புரட்டி அண்ணியின் காலை வெளியே எடுத்தாள். கணுக்கால் வீங்கி நீலமாகியிருந்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குரல் எவ்வளவு நேரம் பேசுச்சு பார்த்தியா," என்றாள்.

"பார்த்தேன் அண்ணி."

"உங்கண்ணன் ஒரு கொக்கி திறந்துட்டாரு. குரல் முடியட்டும்னு காத்துக்கிட்டு நின்னிருக்காரு." அவள் வாய் கோணியது. "பாவி நான், ஒருநாள் விடாம அவரைத் திட்டினேனேடி. படத்துக்கு விளக்கு ஏத்தும்போதுகூடத் திட்டினேனே. என்னைவிட யானை பெருசாப் போச்சான்னு கேட்டேனே!"

"அது கொல்லணும்னு கொல்லல அண்ணி. அண்ணன் அங்க நின்னதே அதுக்குத் தெரியாது."

அதைக் கேட்டதும் பேச்சியம்மாள் வாய்விட்டு அழுதாள். இரண்டு வருஷமாக ஓடி ஓடி அடக்கி வைத்திருந்த அழுகை. தாமிரா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இந்த ஊரில் யாரும் தங்களைச் சும்மா விடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் இனி வாசலைத் தாண்டி வெளியே வர முடியாது. ஆனால் திறந்த கொக்கிக்கு இப்போது பதில் இருந்தது. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அதைச் சொல்லப் போகிறாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட அண்ணி தன் வளையின் முதல் கொக்கியை அழுத்தினாள்.

"அண்ணி, நீங்க எதுக்கு? உங்க உரிமையும் போயிடும்."

"போகட்டும். அவரு கடைசியாக் கேட்டது இதைத்தானே. நானும் கேக்கறேன்." கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கனிவான குரலைக் கடைசிச் சொல்வரை கேட்டாள். பிறகு இரண்டாவது கொக்கியைத் திறந்து, வளையைக் கழற்றி, அந்த வேர்களுக்கு நடுவே வைத்தாள்.

ஆள் வரும்வரை அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. தண்ணீருக்கு வேறு கூட்டங்களும் வரும். தாமிரா அண்ணியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் நொண்டி நொண்டிக் கீழே இறங்கத் தொடங்கினார்கள். புதர் ஒவ்வொன்றும் பயமாக இருந்தது. பனிக்குள் எது நிற்கிறது, எது தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. இவ்வளவு மெதுவாக அவர்கள் அந்தப் பாதையில் ஒருநாளும் நடந்ததில்லை.

ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் பேச்சியம்மாள் நின்று, மூச்சை இழுத்து, காடு கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஆள் வருது, சாமி! ஆள் வருது!"

மேலே எங்கோ மூங்கில் ஒடிபட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.