முன்நடையில் மட்டும் சூடு

டெல்லாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. அந்த மூக்கு நுனியோ பனிக்கட்டி மாதிரி குளிர்ந்து கிடந்தது.

ஹாலிஃபாக்ஸ் நகரின் மேட்டுத் தெருவில் அவர்கள் வீடு. குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே மாடி அறைகளில் இருக்க முடியவில்லை. தம்பி வில்ஃப் கம்பளித் தொப்பியோடும் கையுறையோடும் தூங்கினான். தூக்கத்திலும் இருமினான்.

அந்த இருமல் மோர்னா அத்தையின் காதில் விழுந்துவிட்டது. குளிர் போகும்வரை வில்ஃப் தன் வீட்டில் இருக்கட்டும், சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று அத்தை சொல்லிவிட்டாள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். டெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்போது தம்பியும் போவதா?

வாசலை ஒட்டிய முன்நடைச் சுவரில் தெர்மோஸ்டாட் இருந்தது. அதில் வைத்த அளவுக்குச் சூடு ஏறியதும், ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் குழாய்வழியாக வெந்நீர் அனுப்பும் பாய்லரை அது நிறுத்திவிடும். டெல்லா அதை ஏற்றி வைப்பாள். பேருந்து ஓட்டிவிட்டு நனைந்து வரும் அப்பா அதை இறக்கி வைப்பார். நாலு நாளாக இதே சண்டை.

வியாழக்கிழமை டெல்லா உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து வந்து, தெர்மோஸ்டாட்டின் மேல் தன் கழுத்துத்துணியால் கட்டிவிட்டாள். வீடு குளிர்கிறது என்று நம்பி பாய்லர் ஓடிக்கொண்டே இருந்தது. மாடிக் குழாய்களில் அப்போதுதான் சூடு ஏறத் தொடங்கியது. அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"பட்டாணிக்கு என்ன, காய்ச்சலா?" என்று பொட்டலத்தை அவிழ்த்தார். குரலில் சிரிப்பே இல்லை. "காலையில இது பத்தொன்பது டிகிரின்னு காட்டுச்சு. அப்படின்னா வீடு சூடா இருக்குன்னு அர்த்தம்."

"அந்தப் பொட்டியத் தூக்கிட்டுப் போய் வில்ஃப் கட்டில்ல படுக்க வைங்க. அப்பத் தெரியும்."

"வாய் நீளுது, டெல்லா."

"அம்மா இருந்தப்ப வீடு சூடாத்தானே இருந்துச்சு?"

அப்பாவின் முகம் வெளுத்தது. நனைந்த கோட்டை முன்நடை ரேடியேட்டர்மேல் வீசிவிட்டுச் சமையலறைக்குள் போனார். வெகுநேரம் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தும் கோபம் தீரவில்லை. டெல்லா மாடிப்படியின் கீழ்ப்படியில், ரேடியேட்டரில் முதுகு சாய்த்து முறைத்தபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முதுகு பொசுங்கியது. தலைக்கு மேலே தெர்மோஸ்டாட் 'டக்' என்றது. பாய்லர் நின்றுவிட்டது.

மாடிக்கு ஓடி வில்ஃபின் ரேடியேட்டரைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

மறுபடி கீழே வந்து அந்தப் பெட்டியையே பார்த்தாள். அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த முன்நடைதான். இங்கே சூடானால் உலகமே சூடாகிவிட்டதென்று அது நினைத்துக்கொள்கிறது. அதன் காலடியில் இந்த ரேடியேட்டர் மட்டும் அடுப்பாக எரிகிறது.

ரேடியேட்டரின் ஓரத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஐந்தில் நின்றது. அதை ஒன்றுக்குத் திருகினாள். அதன்மேல் கிடந்த அப்பாவின் துணிகளைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

முன்நடை குளிரத் தொடங்கியது. பாய்லர் நிற்காமல் ஓடியது.

அப்பா வந்ததும் முதலில் ரேடியேட்டரைத்தான் தொட்டார். "யாரு இதக் கொறச்சது? என் துணி எப்படிக் காயும்?" என்று குனிந்தார்.

டெல்லா குமிழை மறைத்துக்கொண்டு நின்றாள். "மொதல்ல மேல போய் வில்ஃபோடதத் தொட்டுப் பாருங்க. அப்புறம் என்னத் திட்டுங்க."

அப்பா படிகளில் தடதடவென்று ஏறினார். சூடேறிய உள்ளங்கையைப் பார்த்தபடி மெதுவாக இறங்கினார்.

"நோரீன் இத ஒன்னுலதான் வச்சிருப்பா," என்றார். அம்மாவின் பெயரை அவர் சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "கஞ்சத்தனம்னு கேலி பண்ணுவேன். கோட்டு காயட்டும்னு நான்தான் திருகி விட்டேன்."

"என்னத் திட்டுனதுக்கு?"

"மன்னிச்சிரு, கண்ணு."

"பட்டாணி வச்சதுக்கு நானும்," என்றாள் டெல்லா. இன்னும் கொஞ்சம் முறைப்பு மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை காலை மோர்னா அத்தை காலிப் பெட்டியோடு வந்தாள். வில்ஃப் தொப்பியும் போர்வையும் இல்லாமல், கன்னம் சிவக்கக் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை அவன் பாதத்தைத் தொட்டாள். பிறகு ரேடியேட்டரைத் தொட்டுக் கையை உதறிக்கொண்டாள்.

"புள்ளயச் சுட்டுத் திங்கப் போறீங்களா? இதக் கொஞ்சம் கொறங்க," என்று திட்டிக்கொண்டே, திறக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

விழித்துக்கொண்ட வில்ஃப் அவளுக்குக் கையசைக்க ஜன்னலை விரியத் திறந்தான். குளிர்காற்று அறைக்குள் பாய்ந்தது.

"ஜன்னலச் சாத்துடா," என்று மாடியில் டெல்லாவும், கீழே அப்பாவும், தெருவில் அத்தையும் ஒரே குரலில் கத்தினார்கள்.