ஊசி யாருக்கு?

அபியோவின் வீட்டுக்குள் எதுவும் ஒற்றையாக வராது.

மாமா ஒரு கையில் பாவாடை கொண்டுவந்தால் மறு கையில் அதே பாவாடை இன்னொன்று இருக்கும். ஒரே ஒரு மாம்பழம் கிடைத்தால் அம்மா அதை இரண்டாக அறுப்பாள். இரண்டு பாதியையும் இரண்டு கையில் தூக்கிப் பார்ப்பாள். கனமான பாதியில் ஒரு கடி கடித்துச் சரிசெய்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

அபியோவும் அச்சேனும் இரட்டைப் பிள்ளைகள். இரட்டையில் ஒருத்திக்குக் கொடுத்ததை மற்றவளுக்கும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்துபோனவளுக்கு நோய் வரும். குலு ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

முதலில் பிறந்தவள் அபியோ. பின்னால் பிறந்தவள் அச்சேன். அந்தப் பெயர்களின் அர்த்தமே அதுதான். மற்றபடி ஒரே மூக்கு, ஒரே நீலச் சட்டை, பள்ளி விதிப்படி ஒட்ட வெட்டிய ஒரே மாதிரித் தலை. வகுப்பு ஆசிரியர்கூட, "ரெட்டையில ஒண்ணு எழுந்திரு" என்றுதான் சொல்வார்.

"முதல்ல பிறந்தவ நீ. ஆனா முதல்ல போறவ எப்பவும் நான்தான்" என்று அச்சேன் கேலி செய்வாள். அது உண்மைதான். பாம்பு இருக்கிறதா என்று புதரில் கல்லெறிவதும் அவள்தான். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதும் அவள்தான்.

அந்த வாரம் பள்ளிக்கு இதயம் பார்க்கும் மெஷின் வந்தது. பிள்ளைகளின் இதயத்தை ஆராய்ச்சி செய்யப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். ஒரு வகுப்பறையின் ஜன்னல்களைத் துணியால் மூடி, உள்ளே மேஜையைக் கட்டிலாக்கியிருந்தார்கள். வெளியே நீண்ட வரிசை. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டை தொங்கியது.

வரிசையில் அபியோவுக்கு முன்னால் கொமகெச் நின்றான். அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அதில் பாதி அவனே கண்டுபிடித்தது.

"இதயத்துக்குள்ள இருக்கிறதையெல்லாம் அந்த மெஷின் டிவியில காட்டிடும்" என்றான்.

"எல்லாம்னா?" என்று அபியோ கேட்டாள்.

"எல்லாம்தான். பொய் சொன்னது, திருடித் தின்னது, எல்லாம். சத்தத்தோட வரும். டாக்டர் காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பாரு."

அபியோ தன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். அம்மா எள்ளையும் நிலக்கடலையையும் அரைத்துப் பானையில் வைத்திருந்த விழுதை விரலால் வழித்துத் தின்றிருந்தாள். தின்றதுகூடப் பெரிதில்லை. தனியாகத் தின்றாள். அச்சேனுக்குப் பங்கு வைக்காமல் தின்றாள். பிறந்ததிலிருந்து அவள் தனியாகத் தின்றது அது ஒன்றுதான்.

அவள் மெல்ல வரிசையிலிருந்து நழுவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அச்சேன் தேடிக்கொண்டு வந்தாள். அவள் சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஈரமாக இருந்தது.

"இங்கயா இருக்கே? உன் பேரைக் கூப்பிடப் போறாங்க."

"நான் போகல."

"ஒண்ணுமே இல்லடி. நெஞ்சுல ஜில்லுனு கூழு மாதிரி ஒண்ணு தடவுறாங்க. திரையில குட்டிக் கதவு ஒண்ணு தெரியுது. திறந்து திறந்து மூடுது. அவ்வளவுதான்."

"நான் போக மாட்டேன்."

அச்சேன் அவள் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. தன் அட்டையைக் கழற்றி அபியோவின் கழுத்தில் மாட்டினாள். அபியோவின் அட்டையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். "மெஷின் ஓட்டுற கிடேகா அண்ணன், 'உன் தங்கச்சியும் இப்படித்தான் கூச்சத்துல நெளிஞ்சா'ன்னாரு."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதோடு அது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் அம்மாவை வரச்சொன்னார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.

ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் லாகர் இருந்தாள். உயரமானவள். மென்மையாகப் பேசுபவள். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"இதயத்துக்குள்ள கதவுங்க இருக்கும்மா. ரத்தம் முன்னால போனதும் கதவு மூடிக்கணும். இங்க பாருங்க, கதவு முழுசா மூடல. கொஞ்சம் ரத்தம் பின்னால கசியுது. சின்னக் கசிவுதான். ஆனா பாத்துக்கணும்."

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேருக்கும்."

அம்மாவின் மடியில் இருந்த பை நழுவி விழுந்தது. வழியில் தின்ன வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குகள் தரையெங்கும் உருண்டன. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

"ஓடுறாங்க, தண்ணி தூக்குறாங்க, சண்டை போடுறாங்க" என்றாள் அம்மா கடைசியில். "நோயாளிங்க இப்படியா இருப்பாங்க டாக்டரம்மா?"

"ஆரம்பத்துல வெளியே தெரியாதும்மா. அதனாலதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா மெஷினோட அலையுறோம். பிள்ளைகளுக்கு அடிக்கடி தொண்டை வலி வருமா?"

"வரும். உப்புத் தண்ணி கொப்புளிக்கச் சொல்வேன். சரியாயிடும்."

"தொண்டை சரியாயிடும். சில பிள்ளைகளுக்கு அந்த நோய் இதயத்துல தடம் வச்சிட்டுப் போயிடும்."

டாக்டர் மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் குரலில் ஓர் ஆச்சரியம் வந்தது. "இத்தனை வருஷத்துல இப்படி நான் பாத்ததே இல்லம்மா. ரெண்டு கதவும் ஒரே இடத்துல, ஒரே அளவுல கசியுது. அசந்துபோயிட்டோம். இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுத ஆரம்பிச்சிட்டோம்."

அபியோ திரையை உற்றுப் பார்த்தாள்.

இரண்டு படங்கள் இல்லை. இரண்டும் ஒரே படம். இரண்டும் அச்சேனின் இதயம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அச்சேனுக்கும் அது புரிந்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்க்கும் அந்த முகத்தில் இப்போது ஒரு அசைவும் இல்லை.

டாக்டர் தொடர்ந்து பேசினாள். மாதம் ஒரு ஊசி போட்டால் கசிவு பெரிதாகாமல் இருக்கும் என்று நினைக்கிறார்களாம். ஆனால் இவ்வளவு சின்னக் கசிவுக்கும் அந்த ஊசி உதவுமா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி வரும். மீதிப் பிள்ளைகளுக்கு வராது. எல்லோரையும் அடிக்கடி மெஷினில் பார்ப்பார்கள். கசிவு கூடினால் யாராக இருந்தாலும் உடனே ஊசி ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஒருத்திக்கு ஊசி வந்து, இன்னொருத்திக்கு வரலன்னா?" என்று கேட்டாள் அம்மா.

"அப்படியும் வரலாம்."

"ரெட்டைப் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்யக் கூடாது டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இந்த ஊர்தானே."

டாக்டர் தலை குனிந்தாள். அவளுக்கும் தெரியும். "முதல்ல இன்னிக்கு இன்னொரு தடவை மெஷின்ல பாத்துடுவோம். அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்கம்மா" என்றாள்.

பெண்கள் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கழுத்தில் மறுபடியும் அட்டை மாட்டினார்கள்.

"நானே ரெண்டு தடவையும் போறேன்" என்று அச்சேன் கிசுகிசுத்தாள்.

"எதுக்கு? உண்மையைச் சொல்லிடலாம்."

"வேண்டாம்." அச்சேன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கும்னா எனக்குப் பயமா இல்ல. எனக்கு மட்டும்னா பயமா இருக்கு."

அபியோ இதுவரை அச்சேன் வாயிலிருந்து பயம் என்ற சொல்லைக் கேட்டதில்லை.

கதவு திறந்தது. "அச்சேன்" என்று கிடேகா கூப்பிட்டான். அச்சேன் உள்ளே போனாள்.

அபியோ தனியாக உட்கார்ந்து யோசித்தாள். கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது, பெயர்தான் தெரியும். அபியோவுக்கு ஊசி, அச்சேனுக்கு இல்லை என்று அது சொல்லிவிட்டால்? கசிவு அங்கே இருக்கும், ஊசி இங்கே இறங்கும். மாமரத்துக்குத் தண்ணீர் தேவைப்படும்போது பக்கத்து வேலிக்கு ஊற்றுவது மாதிரி. பயத்தில் பங்கு எடுக்கப் போய் மருந்தைத் திருடிவிடுவோமே. விழுதைத் தின்றது போதாதா?

அச்சேன் வெளியே வந்தாள். "அபியோ" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. அச்சேன் பழையபடி அபியோவின் அட்டைக்காகக் கையை நீட்டினாள்.

அபியோ அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்து உள்ளே நடந்தாள்.

கூழ் உண்மையிலேயே ஜில்லென்று இருந்தது. கிடேகா கருவியை நெஞ்சில் வைத்து அழுத்தினான். அபியோ கண்ணை மூடிக்கொண்டாள். டொப், டொப் என்று சத்தம் வந்தது. விழுது என்றோ பானை என்றோ அது எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் லாகர் திரைக்கு அருகில் குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"கசிவைக் காணோமே" என்றாள்.

கிடேகா கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். வயரைப் பிடுங்கி மாட்டினான். மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்."

"ஒரு வாரத்துல கதவு எப்படித் தானா சரியாகும்? நடக்காத காரியம்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அபியோ, கண்ணைத் திறக்காமல். "இதுதான் என் இதயம். நீங்க இதுக்கு முன்னால இதைப் பாத்ததே இல்ல."

அறையில் டொப் டொப் மட்டும் கேட்டது.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தாள். கிடேகாவைப் பார்த்தாள். கிடேகா தன் செருப்பைப் பார்த்தான். பிறகு டாக்டர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். "அந்தக் கட்டுரையை நிறுத்துங்க. ஆமா, ரெட்டைப் பிள்ளைக் கட்டுரைதான். ஒரே ஒரு இதயம்தான் இருந்துச்சு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அவள் சிரிக்கிறாள் என்று புரிய அபியோவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அம்மா சிரிக்கவில்லை. உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு பிள்ளைக்கு நோய் இல்லை என்று மகிழ்வதா, ஒரு பிள்ளைக்கு மட்டும் நோய் என்று அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அச்சேன் கதவருகே நின்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "இப்ப நான் மட்டும்தான்" என்றாள்.

"என்னாலதான்" என்றாள் அபியோ. அதைச் சொன்னதும் மற்றதெல்லாம் தானாகக் கொட்டியது. "நான் விழுதைத் தனியாத் தின்னேன். உனக்குப் பங்கு குறைஞ்சுபோச்சு. அதான் உனக்கு நோய் வந்திருச்சு."

அச்சேன் மூக்கை உறிஞ்சினாள். "எப்ப?"

"மெஷின் வர்றதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

"எனக்குத் தெரியும். விழுதுல உன் விரல் தடம் இருந்துச்சு. அது பக்கத்துலயே நானும் ஒரு தடம் போட்டேன்."

"நீயுமா?"

"உன்னைவிட ஆழமா."

"அந்தப் பூனையைத் துடைப்பத்தால அடிச்சேனே" என்றாள் அம்மா மெதுவாக.

டாக்டர் லாகர் அச்சேனின் கண்ணீரைத் துடைத்தாள். "எள்ளு விழுதால எந்த இதயமும் கெடாது. இது தொண்டைப் புண்ணால வந்தது. யார் தப்பும் இல்ல" என்றாள். பிறகு மேஜையிலிருந்து ஊதா மையை எடுத்து அச்சேனின் கட்டைவிரல் நகத்தில் பூசினாள். "இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துல ரெட்டைப் பிள்ளைங்க வந்தாலும் ஒருத்தருக்கு மை வைக்கணும் கிடேகா. எழுதிக்கோ."

சீட்டுக் குலுக்கலுக்கு ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது. அம்மா நெடுநேரம் தயங்கினாள்.

"ஊசி வந்தா இவளுக்கு மட்டும் வலிக்கும். அவளுக்கு வலிக்காது. அது சரியில்லையே."

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊசி போட முடியாதும்மா" என்றாள் டாக்டர்.

"ஊசி வேண்டாம். வலியில மட்டும் எனக்குப் பங்கு கொடுங்க" என்றாள் அபியோ.

"எப்படி?"

"அவ என் கையைப் பிடிச்சுக்கட்டும். அவளுக்கு எவ்வளவு வலிக்குதோ அவ்வளவு நசுக்கட்டும். ஒவ்வொரு மாசமும்."

அம்மா யோசித்தாள். ஒரு கையில் ஒரு பாதி, மறு கையில் மறு பாதி வைத்து எடை பார்ப்பதுபோல இரண்டு மகள்களையும் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

கம்ப்யூட்டர் ஊசி என்றது.

அச்சேன் கட்டிலில் குப்புறப் படுத்தாள். அபியோ தலைமாட்டில் நின்று கையை நீட்டினாள். அச்சேன் அதைப் பற்றிக்கொண்டாள். ஊசி இறங்கியது. அது கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் போகும். அச்சேன் பல்லைக் கடித்து நசுக்கினாள். பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டியில் எப்போதும் ஜெயிக்கும் கை அது.

அபியோ போட்ட சத்தத்தில் வெளியே மரத்திலிருந்த காகங்கள் எழுந்து பறந்தன.

அடுத்த அறையிலிருந்து வயதான நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். கட்டிலில் ஒருத்தி முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருத்தி கையை உதறிக்கொண்டு குதித்தாள். இருவருக்கும் ஒரே முகம், இருவர் கண்ணிலும் தண்ணீர்.

"ஊசி யாருக்கும்மா போட்டாங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

அம்மா தரையில் உருண்டு கிடந்த கிழங்குகளில் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். அதைச் சரிபாதியாக உடைத்தாள்.

"ரெண்டு பேருக்கும்தான்" என்றாள்.