நோன்பியின் இனம்

கூதிர் முதிர்ந்து முன்பனி தலைப்படும் நாட்களில் ஞாயிறு தன் கடமையைச் சுருக்கிக்கொள்ளும். நண்பகல் சாய்ந்த சற்றைக்கெல்லாம் ஒளி மங்கும். சாளரக் கண்ணாடிகள் உட்புறம் வியர்க்கும். இலையிழந்த மரங்கள் வானை நோக்கி விரல்களை நீட்டி எதையோ இரந்து நிற்கும். மூடிய கதவின் கீழ்ப்பிளவைத் தேடிக் கண்டுகொண்ட வாடைக்காற்று, அழையா விருந்தினனைப் போல் பாதங்களைத் தடவியபடி உள்ளே வரும். உயிர்களெல்லாம் உண்டு ஒடுங்கும் பருவம் அது. உண்ணாதவற்றுக்கு மட்டும் உறக்கம் இல்லை.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, அவளுடைய மேசைமீது இருந்த அட்டை கண்களைத் திறந்திருந்தது.

முதலில் விளக்கின் பளபளப்பு என்று எண்ணினாள். விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அணைத்துப் பார்த்தாள். கண்கள் திறந்தே இருந்தன.

அது அட்டை ஆட்டம் ஒன்றை முப்பது ஆண்டுகளாக வெளியிட்டுவரும் நிறுவனம். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் உயிரின் ஓவியம். அதன் கீழ், அவ்வுயிர் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் மெல்லிய ஒற்றை வரி. இனவரி என்பார்கள். அதைக் காப்பது அவள் வேலை. யார் எழுதியதிலும் பிழை கண்டுபிடிப்பாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'டீச்சர்' என்று பட்டம். முப்பது ஆண்டுகளில் வரைந்தவர்களும் எழுதியவர்களும் தத்தம் விருப்பம்போல இனங்களைப் பெருக்கிவிட்டிருந்தார்கள். தும்மல் பூதம் என்றோர் இனம். குடைவாலி என்றோர் இனம். பாதி தவளையும் பாதி மாடிப்படியுமாய் ஒன்று. பலவற்றில் ஓர் உறுப்பினருக்கு மேல் இல்லை. ஒற்றை இனங்கள் அனைத்தையும் கலைத்துப் பெரிய இனங்களில் சேர்த்துவிட வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. நாற்பத்தொரு இனங்கள். நாற்பதைப் பிசகின்றி முடித்திருந்தாள்.

நாற்பத்தொன்றாவது, நோன்பி.

ஐந்து பதிப்புகளில் ஐந்து ஓவியர்கள் அதை வரைந்திருந்தார்கள்; ஐந்து அட்டைகளும் அவள் மேசைமீது இருந்தன. முதலாவது எண்ணெய் வண்ணம்: பழுப்பு இருளுக்குள் மெலிந்த ஓர் உருவம், முன்னே வெற்றுத் தட்டு, கூப்பிய கைகள், மூடிய கண்கள். இரண்டாவது நீர்வண்ணம். மூன்றாவது கறுப்பு மையின் கோடுகள் மட்டும். நான்காவது கணினியில் வரைந்தது. ஈரம் சொட்டுவது போன்ற மினுமினுப்பு. ஐந்தாவது, இக்காலக் குழந்தைகளுக்காக உருண்டைத் தலையும் குட்டைக் கைகளுமாய். பாணிகள் மாறின. தட்டும் கூப்பிய கைகளும் மாறவில்லை. அதன் விதியும் மாறவில்லை: தன் இனத்தை அன்றி வேறொன்றையும் உண்ணாது.

அதன் இனத்தில் அது மட்டுமே இருந்தது. ஆகவே அது எதையும் உண்டதில்லை. ஆடுவோர் அதை நகைச்சுவை அட்டை என்றார்கள்.

அன்று காலை அவள் சினத்தோடு வேலைக்கு வந்திருந்தாள். உண்ணுமுன் கைகூப்பி, மறைந்த தாய் கற்பித்த ஒற்றை வரியைச் சொல்வது அக்காவின் வழக்கம்: இருக்கறதுக்கு நன்றி, இல்லாதவங்களுக்கும் கிடைக்கட்டும். தங்கையான அவளோ பத்தாண்டுகளாக அதைச் சொல்வதில்லை.

"ஒரு நிமிஷம் கைகூப்பினா உன் ஆபீஸ் இடிஞ்சு விழுந்துடுமா?" என்றாள் அக்கா.

"கைகூப்பிக் கூப்பித்தான் அம்மா போய்ச் சேர்ந்தா. போதும்."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வந்தாள். வந்தால், முதல் ஓவியர் எழுதிய கடிதம் மேசைமீது காத்திருந்தது. ஓய்வுபெற்ற கிழவர், வாரத்திற்கொன்று எழுதுவார். நோன்பியின் இனத்தைத் தொட்டால் உன் கை விளங்காது என்று எழுதியிருந்தார். அவள் அட்டையை மீண்டும் பார்த்தாள். இரண்டு கால்கள். இரண்டு கைகள். உனக்கு என்ன தனி இனம் வேண்டிக் கிடக்கிறது? பழைய சொல்லை அழித்துவிட்டு, தனக்கே உரிய பிழையற்ற எழுத்தில் 'மனிதன்' என்று இட்டாள். பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு வெளியாயிற்று. அந்த நிறுவனத்தின் விதிப்படி, ஒரு திருத்தம், முன்பே அச்சேறிய பழைய அட்டைகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும்.

இப்போது மூன்று மணி. எண்ணெய் வண்ண அட்டையில் இரு கண்கள். எங்கிருந்தோ, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயின் கனத்த வாடை. அவள் அட்டையை எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனாள்.

"வாங்க டீச்சர். இன்னைக்கு யாருக்கு மார்க் குறைக்கணும்?"

"நோன்பியை மட்டும் பழையபடி மாத்திடலாம் சார். நான் அவசரப்பட்டுட்டேன்."

"நீங்க? அவசரப்பட்டீங்க? இருங்க, தேதியைக் குறிச்சு வெச்சுக்கறேன்."

"படத்தைப் பாருங்க. கண்ணு திறந்திருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். "முப்பது வருஷம் தூங்கினா நானும்தான் முழிச்சுப்பேன். மத்தியானம் அறிவிச்சதைச் சாயங்காலம் வாபஸ் வாங்கினா ஆடறவங்க நம்ம மூஞ்சில காறித் துப்புவாங்க. என் ஒப்புதல் இல்லாம ஒரு எழுத்து மாறாது. கிளம்புங்க. கார்டு இங்கேயே இருக்கட்டும். எனக்கும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

ஆள் என்றார். அந்த அட்டையை.

தன் இடத்திற்குத் திரும்பிக் கடிதத்தில் இருந்த எண்ணை அழைத்தாள்.

"யாரது?"

"நான் இனப்பட்டியல் பார்க்கறவ."

"அந்த மகராசியா! பார்த்தேன், பார்த்தேன். மனுஷனாமே?"

"ஐயா, அதைப் பத்தித்தான்…"

"விளையாட்டுக்கா அதுக்குத் தனி இனம் போட்டேன்னு நெனச்சே? அது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. வரைஞ்சேன், வந்துடுச்சு. பசின்னு மட்டும் புரிஞ்சுது. அதனாலதான் உலகத்துல அதுக்குச் சொந்தம்னு ஒண்ணுகூட இல்லாமப் பார்த்துக்கிட்டேன். நீ ஒரே வார்த்தையில எல்லாரையும் சொந்தமாக்கிட்டியே, பாவி!"

"கண்ணு திறந்திருக்கு. உங்க படத்துல."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "அப்ப என் படத்துலேருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு பதிப்பா உருவம் மாறிக்கிட்டே வரும். எந்த வரிசையில வரைஞ்சாங்களோ அந்த வரிசையில. வீட்டுல யாரு இருக்கா?"

"அக்கா."

"சொந்தம் குடுத்தவ வீட்டைத்தான் தேடிப் போகும். போனை வெச்சுட்டு ஓடு."

அவள் ஓடவில்லை, முதலில் மேலாளரின் அறைக்குத்தான் போனாள். ஒப்புதல் பெற்றுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இன்னும் நம்பினாள். கதவைத் திறந்ததும் எண்ணெயின் வாடை முகத்தில் அறைந்தது. அறை முழுவதும் பழுப்பாய் இருந்தது. விளக்கு எரிந்தும் வெளிச்சம் ஒரு மூலையில் மட்டும் தேன்போலத் தேங்கி நின்றது. நாற்காலியின் முதுகில் தூரிகையின் தடங்கள். திரைச்சீலையின் மடிப்புகளில் விரலளவு தடித்த வண்ணம், இன்னும் உலராமல். கணினியின் விசைப்பலகையைத் தொட்டாள். விசைகள் அழுந்தவில்லை. விரல் நுனியில் கறுப்பு வண்ணம் ஒட்டிக்கொண்டது.

மேலாளர் இல்லை. மேசையின் நடுவே அட்டை மட்டும் இருந்தது. அதில் உருவத்தின் கண்கள் மீண்டும் மூடியிருந்தன. முகத்தில் உண்டவனின் அமைதி. தட்டில், நேர்த்தியாக மடித்து வைத்த கழுத்துப்பட்டை. அவருடையது.

தன் மேசைக்கு வந்தபோது இரண்டாம் அட்டை விழித்திருந்தது. அதைப் பாராமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபடியே வீட்டிற்கு அழைத்தாள்.

"அக்கா, ஒண்ணும் கேக்காதே. வீட்டை விட்டு வெளியே போ. இப்பவே."

"காலையில பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேப்பேன்னு பார்த்தா, அதிகாரமா?"

"அக்கா, கெஞ்சறேன். பக்கத்து வீட்டுக்காவது போயேன்."

"எப்படிடீ போறது? வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. உன் ஆபீஸ்தானாம். பார்க்கவே பரிதாபமா இருக்கு, சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ. உட்கார வெச்சிருக்கேன். நீயும் வா, உனக்கும் சேர்த்துத்தான் தட்டு வெக்கறேன்."

"அதுக்கு எதுவும் போடாதே! அக்கா!"

"பசின்னு வந்தவங்களை விரட்டச் சொல்றியா? அம்மா வளர்த்த பொண்ணா நீ?" என்று அக்கா இணைப்பைத் துண்டித்தாள்.

தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான்கு தெருக்கள் கடந்தால் வீடு. முதல் தெருவைக் கடந்தபோதே ஏதோ பிசகு தெரிந்தது: கட்டடங்களின் விளிம்புகள் சுவரோடு நிற்காமல் கசிந்து இறங்கின, தெருவிளக்கின் மஞ்சள் வானத்துச் சாம்பலுக்குள் ஒழுகிப் பச்சையாயிற்று, எதிரே குடை பிடித்து வந்த பெண்ணின் முகம் கன்னத்திலிருந்து கரைந்து கழுத்தில் வழிந்தது, ஆயினும் அவள் எதுவும் அறியாதவளாய் நடந்து போனாள். நீர்வண்ணம். இரண்டாம் பதிப்பு. ஈரத் தாளின் மணம் நாசியை நிறைத்தது. அவள் ஓடினாள். கீழே பார்க்கவில்லை. பார்த்தால் தன் கால்களும் கரைந்துகொண்டிருக்கும் என்று பயந்தாள்.

குடியிருப்பின் நுழைவாயில். மழையின் ஓசை அறுந்தது.

மூன்றாம் மாடி வரைக்கும் படிகள். வண்ணம் இல்லை. சுவர் வெள்ளை, படியின் விளிம்பு கறுப்புக் கோடு. நிழல் இருக்க வேண்டிய இடங்களில் நெருக்கமான சாய்கோடுகள். கைப்பிடியைப் பற்றினாள், கோடு உள்ளங்கையைக் கீறிற்று. கசிந்தது குருதியல்ல. மை. மேலே எங்கோ, எழுதுகோல் தாளில் கிறுகிறுவென ஓடும் ஓசை. அவள் ஏறுவதற்குச் சற்று முன்னதாக ஒவ்வொரு படியாய் யாரோ வரைந்துகொண்டு போவதைப் போல.

மூன்றாம் பதிப்பு முடிந்தது. இனி நான்கு.

வீட்டின் கதவு திறந்திருந்தது. முன்னறை மினுங்கிற்று. நாள்பட்ட சோபா, செருப்புகள், அக்காவின் குடை எல்லாம் ஈரம் பூசினாற்போல் பளபளத்தன. எதிலும் ஒரு தூசி இல்லை. எதற்கும் மணம் இல்லை. அதுதான் தாளமுடியாததாய் இருந்தது. பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் மணமே இல்லை.

"அக்கா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்காவின் குரல்.

"இருக்கறதுக்கு நன்றி. இல்லாதவங்களுக்கும் கிடைக்கட்டும்."

இருக்கிறாள். பிரார்த்தனை செய்கிறாள். இன்னும் உண்ணத் தொடங்கவில்லை. கையில் மை ஒழுக, சுவரைப் பற்றியபடி உணவறைக்குள் போனாள்.

மேசை. மூன்று தட்டுகள்.

அக்காவின் நாற்காலியில் அக்காவின் சால்வை மட்டும், தோள்களின் வடிவம் கலையாமல் நின்றது. அதன் முன்னிருந்த தட்டு துடைத்தது போல் சுத்தம். நடுவில் அக்காவின் மூக்குக்கண்ணாடி. காம்புகள் மடித்து.

எதிரே, அது. உருண்டைத் தலை. குட்டைக் கைகள். இளஞ்சிவப்புக் கன்னங்கள். எந்தக் குழந்தையும் அள்ளி அணைத்துக்கொள்ளும் முகம். முகத்தில் பாதியைக் கண்களே நிறைத்திருந்தன. ஒவ்வொரு கண்ணிலும் அவள்.

மூன்றாவது தட்டு அவளுடையது. சண்டையிட்ட பின்னும் அக்கா எடுத்துவைத்த தட்டு. விளிம்பில் நெளிந்த பழைய தட்டு. சிறுவயதில் வேறெதிலும் உண்ண மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தது. அக்கா மறக்கவில்லை.

கத்த வாய் திறந்தாள். ஓசை வரவில்லை. அறையின் நான்கு விளிம்புகளிலும் மெல்லிய சட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பாதங்களுக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று. அதில் ஒரு சொல். பிழையற்ற எழுத்து. அவளுடைய எழுத்து.

மனிதன்.

ஓட இடமில்லை. சட்டத்திற்கு வெளியே எதுவும் வரையப்படவில்லை.

அமர்ந்தாள். நெளிந்த விளிம்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு கைகள் உயர்ந்தன. எதுவும் உயர்த்தவில்லை; அவளே உயர்த்தினாள். பத்தாண்டுகள் கூடாத விரல்கள் ஒன்றோடொன்று பொருந்தின. கண்களை மூடிக்கொண்டாள். அக்கா சொன்ன வரியை, ஒலியில்லாமல், உதடுகளால் மட்டும் சொன்னாள். முதற்பாதி. அக்காவுக்காக ஒரு மூச்சு. பிறகு மறுபாதியும்.

வரி முடியும்வரை அது பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு எழுந்து வந்தது. குளிர்ந்த, மணமற்ற சிறு உள்ளங்கையொன்று அவள் உச்சந்தலையில் பதிந்தது. அக்காவின் குரலில், தாயின் கனிவோடு அது சொன்னது:

"நல்லா இரும்மா. ஒரு குறையும் இல்லாம, நிறைஞ்சு இரு."