கிள்ளி எடுத்த நாலாவது வரி

காணாமல் போனது ஒரே ஒரு வரி. அதைத் தேடித் தரச் சொல்லித்தான் தமிழரசு பரமத்தி வேலூர் காவல் நிலையத்துக்கு மனுவோடு வந்திருந்தான். காலை மணி 10.20. அவன் அம்மா ஆத்தாயி செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது.

"ஒரு வரிக்கா போலீசு?" என்று ஏட்டு தீனதயாளன் வாய்க்குள் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சாயிரா பானு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். ஏட்டின் சிரிப்பு அங்கேயே நின்றது. சாயிரா தெற்கே ஆத்தூர்க்காரர், மாற்றலாகி இந்தப் பக்கம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மனுவில் இருந்தது இதுதான். ஆத்தாயிக்கு மாரில் கட்டி. தை மாதம் தெரிய வந்தபோது எல்லாம் முற்றிவிட்டது. ஆனால் ஐப்பசியிலேயே டாக்டர் பிரபாகரிடம் போய்க் காட்டியிருக்கிறார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை, ஆதாரத்தையும் கிழித்துவிட்டார்.

"என்ன ஆதாரம்?"

தமிழரசு அம்மாவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைலைத் திறந்தான். அதில் ஒரு தினசரி காலண்டர் தாள். பின்பக்கத்தில் ஆத்தாயியின் கோணல் எழுத்து. '1. முழங்கால் வலி. 2. சக்கரை. 3. கண்ணு மங்கல்.' அதற்குக் கீழே தாளே இல்லை.

"டாக்டர்கிட்ட நாலு கேக்கோணும்னு என் சம்சாரத்துகிட்ட அம்மா சொல்லியிருக்குதுங்க. இதுல மூணுதான் இருக்குது. நாலாவது அந்தக் கட்டிதானுங்க, வேற என்ன?"

"தாளை டாக்டர்கிட்ட யார் கொடுத்தது?"

"நான்தானுங்க. குடும்மான்னு கேட்டேன். அம்மா போனை எடுத்து என்னமோ நோண்டீட்டு, அப்பறந்தான் குடுத்துச்சு. நான் படிக்கலீங்க. வாங்கி அப்படியே டாக்டர் டேபிள்ல வெச்சுட்டேன். அவரு பார்த்துட்டு ஃபைல்ல குத்தி வெச்சாரு."

"உள்ளே எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"பத்து நிமிசம். போர் போடற ரிக் வண்டியோட ராய்ப்பூர்ல கெடந்தவன், அம்மாளுக்காகவே லீவு போட்டு வந்தனுங்க. ஒரு நிமிசம்கூட அம்மாள உட்டு நகரலீங்க." ஃபைலை அவர் பக்கம் தள்ளினான். "எங்கம்மாளக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியோணும் மேடம். அது தெரியாம நான் வண்டிக்குப் போவ மாட்டேன்." அம்மாவின் செல்போனையும் மேசைமேல் வைத்தான். டாக்டருடன் பேசியது ஏதாவது அதில் இருக்கலாம் என்றான்.

பகல் 12.10. டாக்டர் பிரபாகரின் அறை. வயது அறுபதுக்கு மேல். சதையோடு ஒட்ட வெட்டிய நகங்கள்.

"தாளைக் கிழிச்சீங்களா?"

"நான் எதுக்குங்க கிழிக்கறேன்? வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு வாங்கன்னேன். தையில வந்தாங்க. அப்ப கட்டி ஒடைஞ்சிருந்துச்சுங்க."

"ஐப்பசியில அந்தம்மா வேற எதுவும் சொல்லலையா?"

"வேற ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டேன். எல்லாருகிட்டயும் கேக்கறதுதான். அவ்வளவுதான்னு பதில் வந்துச்சு."

"யார் சொன்னது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பையன்."

"அந்தம்மா?"

"சிரிச்சாங்க. அன்னைக்கு அவங்க வாயே தொறக்கலீங்க."

பிற்பகல் 3.00. சாயிரா பானு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தரி போட்டிருந்தால் ஓரம் நேராக இருக்கும். கையால் கிழித்திருந்தால் பிசிறு இருக்கும். இதில் ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள். நகத்தால் கிள்ளியிருக்கிறார்கள். கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். ஆயுசெல்லாம் வெற்றிலைக் காம்பு கிள்ளிப் பழகிய கட்டைவிரல். டாக்டருக்கோ கிள்ள நகமே இல்லை.

'போனை எடுத்து என்னமோ நோண்டீட்டு' என்று மகன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆத்தாயியின் போனிலிருந்து பின் கவரைக் கழற்றினார். உள்ளே பேத்தியின் சின்ன போட்டோ. அதன் பின்னால் மடித்த காலண்டர் துண்டு.

'4. சாமி வெளிய போனப்பறம் சொல்லோணும்.'

கட்டி என்ற சொல்லே அதில் இல்லை. சாயிராவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி வெளியே போவதென்றால் கோயில் புறப்பாடா? வேண்டுதல் ஏதாவதா?

"ஏட்டய்யா, ஐப்பசியில இங்க சாமி ஊர்வலம் உண்டா?"

"ஐப்பசியிலயா? ஒண்ணுமில்லீங்களே."

மாலை 5.15. தமிழரசுவின் வீடு. முன்னறையில் மாலை போட்ட ஆத்தாயி படம், எதிரே விளக்கு. தமிழரசுவின் மனைவி யுவஸ்ரீ காபி கொண்டுவந்து வைத்தாள். விசாரணையில் சாயிரா முதலில் செய்வது கூட இருப்பவர்களை அனுப்புவதுதான். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"தமிழரசு, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். அவன் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் யுவஸ்ரீ பொலபொலவென்று அழுதாள்.

"அத்த எங்கிட்டக் கேட்டாங்கங்க. டாக்டர் ஆம்பளையா, பொம்பளையான்னு. ஆம்பளதான் அத்தைன்னு சொல்லீட்டு, நான் வேலை பாக்கற ஸ்கூல் பஸ்ஸு வந்துருச்சுன்னு ஓடீட்டேன். ஏன் கேக்கறீங்கன்னு நான் கேக்கலையே! இத அவருகிட்ட எப்படிங்க சொல்லுவேன்?"

சாயிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து தமிழரசுவின் குரல் கேட்டது. "ஓடாத சாமி, உழுந்துருவ!"

சாயிரா வாசல் பக்கம் திரும்பினார்.

"பாப்பா பேரு சாமியா?"

"இல்லீங்க, மோனிஷா. இங்க பெரியவங்க, சின்னவங்க எல்லாரையுமே அப்படித்தானுங்க கூப்புடுவோம்."

"உங்க அத்தை, உங்க வீட்டுக்காரரை?"

"சாமின்னுதான். பேரு சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதே இல்லீங்க."

யா அல்லா, என்றது சாயிராவின் மனசு. சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஆனால் செய்யாத தப்புக்கு ஒரு டாக்டர் காத்திருக்கிறார். பதில் தெரியாமல் இவனும் வேலைக்குப் போகப்போவதில்லை. தமிழரசுவை உள்ளே கூப்பிட்டார்.

"தாளைக் கிழிச்சது டாக்டர் இல்லை, தமிழரசு. உங்க அம்மாவே நகத்தால கிள்ளி எடுத்து, போன் கவருக்குள்ள வச்சுட்டாங்க. நீங்க தாளைக் கேட்டதும், நீங்க படிச்சுடக் கூடாதேன்னு."

"நான் படிச்சா என்னங்க?"

துண்டை அவன் கையில் வைத்தார். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு தரம் படித்தான். உதடு மட்டும் அசைந்தது.

"மகன் முன்னாடி மாருல கட்டின்னு சொல்ல அவங்களுக்கு வாய் வரலை. நீங்க எந்திரிச்சுப் போவீங்கன்னு பத்து நிமிஷமும் காத்திருந்தாங்க," என்றார் சாயிரா. காலையில் அவன் பெருமையாகச் சொன்ன வாக்கியத்தை அவர் நினைவுபடுத்தவில்லை. அவனுக்கே நினைவு வந்துவிட்டது.

"ஒரு நிமிசம்கூட…" என்று ஆரம்பித்து நிறுத்தினான். "வெளிய இருடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போயிருப்பனே மேடம்!"

"அவ்வளவு தூரத்துல இருந்து தனக்காக வந்த புள்ளைய எப்படிங்க போகச் சொல்வாங்க? டாக்டர்தான் சொல்லியிருக்கணும். நாளைக்கு அவர்கிட்ட அதை நானே சொல்றேன்." சாயிரா மனுவை மடித்தார். "இதுல நான் யார் பேரையும் எழுதப் போறதில்லை."

தமிழரசு அம்மாவின் படத்துக்குக் கிட்டே போனான். பிறகு அந்தத் துண்டை விளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டான்.

வெளியே குழந்தை கேட்பது உள்ளே நன்றாகக் கேட்டது. "கதவ ஏன்ப்பா சாத்துன?"

"அப்பத்தா பேசோணுமாம் சாமி. நாம கொஞ்ச நேரம் வெளிய இருக்கலாம்."