வலது பின் சக்கரம்

பாலகுருவின் சட்டைப் பையில் செல்போன் அலறியது.

எடுக்க முடியவில்லை.

கைகளில் விலங்கு!

மனைவி அகிலாவாகத்தான் இருக்கும். அஜ்மான் ஃபிளாட்டில் நிறைமாத வயிற்றோடு, சாப்பிடாமல் காத்திருப்பாள்...

அடித்து ஓய்ந்தது.

ஷார்ஜாவில் ஒரு போலீஸ் யார்டு. கொதிக்கும் பகல். நடுவே மூக்கு நசுங்கிய வெள்ளைக் கார். அதன் சொந்தக்காரர், அத்தர் வியாபாரி சாதிக் பாட்ஷா, காலையில் விளக்குக் கம்பத்தில் மோதி இறந்துவிட்டார்.

முந்தைய நாள் அந்தக் காருக்கு பிரேக் வேலை பார்த்த மெக்கானிக்... பாலகுரு.

"இவன்தான் சார்." சாதிக்கின் பார்ட்னர் அன்பரசன் இந்தியில் பொரிந்து தள்ளினான். "மோதறதுக்கு முன்னாடி சாதிக் எனக்கு போன் பண்ணினாரு. பெடல் உள்ள போகுது, பிரேக்கே பிடிக்கலன்னு கதறினாரு. அதோட லைன் கட்."

லெஃப்டினென்ட் தலையசைக்க, யார்டு எலெக்ட்ரீஷியன் கார்மேகம் ஜாக்கி போட்டு காரைத் தூக்கினார்.

"அண்ணே, நீங்களும் தமிழ்தானே... நான் பிரேக் பேட் மட்டுந்தான் மாத்தினேன். சத்தியம்ணே."

"சத்தியத்த அளக்க எங்கிட்ட மீட்டர் இல்லப்பா. தள்ளி நில்லு."

மீட்டரை ஏ.பி.எஸ். சென்சாரில் மாட்டினார். சடன் பிரேக் போட்டால் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற கருவி ஏ.பி.எஸ். அதற்குச் சக்கரத்தின் வேகத்தைச் சொல்வது இந்த சென்சார்.

சக்கரத்தைக் கையால் சுழற்றினார். மீட்டரில் எண்கள் துள்ளின. அடுத்த சக்கரம்... துள்ளல். அதற்கடுத்தது... துள்ளல்.

வலது பின் சக்கரம்.

பூஜ்யம்!

கார்மேகம் அடியில் படுத்து டார்ச் அடித்தார். "ஒயர வெட்டிருக்காங்க சாப். பிளேடு வெட்டு."

"கலாஸ், கதை முடிந்தது" என்றார் லெஃப்டினென்ட்.

பாலகுரு கார்மேகத்திடம் ஓடினான். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாதா?

"அண்ணே... பெடல மட்டும் ஒரு வாட்டி மிதிச்சுப் பாருங்கண்ணே. வீட்ல பொண்டாட்டி நெறமாசம்ணே. கால்ல விழறேன்."

"விழாத. தரை சுடும்."

முனகிக்கொண்டே காருக்குள் உட்கார்ந்து மிதித்தார். மறுபடி மிதித்தார். புருவம் ஏறியது.

"கல்லு மாதிரி நிக்குது சாப். பிரேக்குக்கு ஒரு கேடும் இல்ல. அந்த ஒயர் போனா ஏ.பி.எஸ். மட்டுந்தான் போகும்."

லெஃப்டினென்ட் அன்பரசன் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"ரோட்டில் ரெண்டு கறுப்புக் கோடு பார்த்தேன். டயர் தேய்ந்த கோடு. சாதிக் பிரேக் போட்டிருக்கிறார். பிடித்திருக்கிறது. சக்கரம் இறுகி, வழுக்கி, கம்பத்தில் மோதியிருக்கிறார். அப்புறம் பிரேக் பிடிக்கவில்லை என்று உன்னிடம் போனில் கதறியது யார்?"

கை நீண்டது.

"போனைக் கொடு."

அன்பரசனின் போனில் அன்று வந்த அழைப்புகளில் சாதிக்கின் பெயரே இல்லை.

அன்பரசன் தமிழில் தன்னையறியாமல் முணுமுணுத்தான்.

"அப்போ அது... பிரேக் ஒயர் இல்லையா?"

கார்மேகம் அதை ஒரு வார்த்தை குறையாமல் இந்தியில் சொன்னார்.

விலங்கு கை மாறியது.

பாலகுரு விட்ட பெருமூச்சில் பாதி அழுகை. கார்மேகம் அவன் முதுகில் தட்டினார். "ஓடுய்யா. வீட்ல புள்ளத்தாச்சி பொண்ண வச்சுக்கிட்டு இங்க என்ன வேடிக்கை?"

அத்தர் கடையை முழுசாக விழுங்க ஆசைப்பட்ட அன்பரசன் தலைகுனிந்து ஜீப்பில் ஏறினான். கார்மேகம் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

"பிரேக்கு கரண்ட்ல ஓடாது சார், எண்ணெயில ஓடும். உள்ள நெறைய டைம் கெடைக்கும்... நிதானமா படிச்சுக்குங்க."